செவ்வாயும் வெள்ளியும் பஸ் உபயம்

எங்கள் ஊருக்கு வரும் அரச பஸ்ஸை ஒருமுறை நாங்களே சாகடிக்கப் பார்த்தோம். அதுவும் நன்றி காட்டியே சாகடிக்கப் பார்த்தோம். இதைச் சொன்னால் கிளிநொச்சிப் பட்டணத்தில், அதாவது எங்கள் ரவுணில், இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெரிய வீதி ஓரத்தில் வீடு வைத்துக்கொண்டு, கை காட்டினால் நிற்கிற பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஸ்கந்தபுரத்தையும் தாண்டி உள்ளே, வாய்க்காலும் வயலுமாகக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் ஒரு கிழமை இருந்து பார்த்தால் சிரிப்பு தானாக அடங்கும்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பஸ். விடியற்காலையில் வந்து ஊராரை ஏற்றிக்கொண்டு ரவுணுக்குப் போகும். பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். தனியார் பஸ்காரர்கள் எங்கள் றோட்டை எட்டியும் பார்ப்பதில்லை. றோட்டு பள்ளமும் திட்டியும், ஆட்களும் காணாது, வந்தால் ரயர்தான் தேயும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லாபத்துக்கு ஓடுகிறவன் லாபம் இருக்கிற இடத்தில்தான் ஓடுவான்.

அந்த விடியற்காலைப் பஸ்ஸில் சீசன் ரிக்கற்றோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பெட்டைகள் அரைத் தூக்கத்தில் வருவார்கள். பக்கத்து வீட்டு அக்கா பால் கானோடு வருவா. புருசன் இல்லாத மனுசி, நாலு மாட்டை வைத்துக்கொண்டு யாருக்கும் தலை வணங்காமல் வாழ்கிறா. இவர்களோடு செவ்வாயும் வெள்ளியும் நானும் என் வீட்டுக்காரரும் ஏறுவோம்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. எங்கள் பக்கத்தில் இந்த வருத்தம் பலபேருக்கு வருகிறது. தண்ணீர் என்கிறார்கள், மருந்து என்கிறார்கள், வெயில் என்கிறார்கள், முடிவாக யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிழமைக்கு இரண்டு தரம் ரவுண் ஆஸ்பத்திரியில் மெசினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். செய்தால் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு வாங்குவதில்லை. அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேருவதுதான் எங்கள் பாடு. ஓட்டோ பிடித்தால் போய்வர ஆகும் கூலி எங்கள் வீட்டு ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவு. முதல் மாதங்களில் அப்படிப் பிடித்தோம். வயல் உழுத லாண்ட் மாஸ்டர் உழவு மெசினை விற்ற காசு அந்த ஓட்டோக் கூலியில் கரைந்து போனது. அதன் பிறகு பஸ்தான். பஸ் நின்றால் சிகிச்சை நிற்கும். சிகிச்சை நின்றால் என்ன நடக்கும் என்று நான் மனதுக்குள்கூட முடித்துச் சொன்னதில்லை.

மல்லாவியில் கட்டிக் கொடுத்த மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அழுதாள். “மருமோன்ர வீட்டில போய்ப் படுக்கிறதோ?” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். இவர் யாரிடமும் கை நீட்டி வாங்கிப் பழகாத மனிதர். வடக்கே குடாநாட்டில் இருந்து இங்கே காணி கிடைத்து வந்த தகப்பனோடு காடு வெட்டியவர். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில்கூட வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு என்னைத்தான் அனுப்பினார். வருத்தம் என்று தெரிந்த கிழமை அரிசி மில்காரர் ஒரு என்வலப்போடு வீட்டுக்கு வந்தார். கோயில் நிர்வாகத்திலும் அவர்தான் பெரிய ஆள். இவர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். அடுத்த நாள் காலமை சைக்கிளை எடுத்தார், மூச்சு வாங்க வாங்க மில்லுக்கு மிதித்தார், “மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டியள் போல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கறியில் உப்புப் போடவில்லை. அவருக்கு உப்பு ஆகாது என்பதால் அந்தக் கோபமும் வீணாய்ப் போனது.

மில்காரரை எனக்கும் பிடிக்காதுதான், அதையும் சொல்ல வேண்டும். வாய்க்கால் தண்ணீர் முறைக்கு எப்போதும் தன் வயல் முந்த வேண்டும் என்பார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய அதிகாரம். ஆனாலும் கொண்டு வந்த காசை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாங்கள் பஸ்ஸைச் சாகடிக்கப் பார்த்த கதைக்கு வருகிறேன். எங்கள் பஸ்ஸின் கொண்டக்டர் தங்கமான மனிதர். வயலுக்குள்ளால் ஓடி வருகிறவர்களைக் கண்டால் மணி அடித்து நிறுத்துவார். என் வீட்டுக்காரர் படி ஏறி முடிக்கும்வரை றைவரை அசைய விடமாட்டார். இப்படிப்பட்ட மனிதருக்கு எங்கள் ஊர் எப்படி நன்றி சொல்லும்? கிட்டத்தில் இறங்குகிறவர்கள் காசைக் கையில் வைத்து, “ரிக்கற் வேண்டாம் அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ” என்பார்கள். அவர் ரிக்கற் அடிக்காமல் விட மாட்டேன் என்று ரிக்கற் மெசினைத் தூக்கினால் கோபித்துக்கொள்வார்கள். “என்ன அண்ணை, எங்கட காசு உங்களுக்குச் செல்லாதோ?” என்பார்கள். கடைசியில் அவரும் ஓய்ந்துபோனார். அவரவர் வசதிக்கு வாழைக்காய் கொடுத்தார்கள், தயிர் கொடுத்தார்கள், முருங்கைக்காய்க் கட்டு கொடுத்தார்கள். பஸ் நிறைய ஆட்கள் போனார்கள். ஆனால் டிப்போவில் இருந்த கணக்கில் அந்தப் பஸ் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போய்வந்தது.

ஒரு நாள் பின்னேரம் ஊர் எல்லை தாண்டியதும் கொண்டக்டர் முன்னுக்கு வந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கதைத்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

“இந்தப் பஸ்ஸை நிப்பாட்டப் போகினமாம். வருமானம் காணாதாம். ரவுணுக்குள்ளயே ஓட விட்டால் டீசலுக்காவது கட்டுமாம். நான் மேலிடத்தில மன்றாடி மூண்டு மாதம் கேட்டு வாங்கியிருக்கிறன். இனி ஆரும் ரிக்கற் வேண்டாம் எண்டு சொல்லாதையுங்கோ. உங்கட வாழைக்காயால இந்தப் பஸ் ஓடாது.”

எங்கள் அன்புக்கு இப்படி ஒரு பின்விளைவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மெசினில் இருந்து வரும் நாளில் அவருக்குக் கண்ணைத் திறக்கவும் பெலன் இருக்காது. ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகியது எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாளே கோயில் மண்டபத்தில் கூட்டம். ஊரில் ஒரு வாத்தியார் இருக்கிறார். அவர் எழும்பி, “றோட்டும் பஸ்ஸும் அரசாங்கத்தின்ர கடமை. குளத்துக் கட்டைத் திருத்தேக்க லாபம் வருமோ எண்டு ஆரும் கேக்கிறதில்லையே. பஸ்ஸுக்கு மட்டும் ஏன் கேக்கினம்?” என்று சொன்னார். எனக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. குளம் நெல்லுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது, பஸ் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. இரண்டும் ஊரை உயிரோடு வைத்திருக்கிற காரியம்தான்.

மில்காரர் தொண்டையைச் செருமினார். “வாத்தியார் சொல்லுறது ஞாயம். கடிதம் எழுதுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன். ஆனால் மறுமொழி வருமட்டும் பஸ் ஆர் காசில ஓடும்? எனக்கு ஒரு யோசினை. திருவிழாவுக்குச் செய்யிற மாதிரி உபயம் போடுவம்.”

எங்கள் கோயிலில் திருவிழா நடத்துவது எந்த ஒரு பணக்காரரும் இல்லை. ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் பொறுப்பெடுக்கும். அன்றைய பூசை, மேளம், சோறு எல்லாம் அந்தக் குடும்பத்தின் செலவு. அதுதான் உபயம். அன்றைக்குக் கோயிலுக்கு வருகிறவன் பணக்காரனோ பஞ்சையோ, எல்லோரும் அந்த வீட்டின் விருந்தாளி. யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, யாரும் கூச்சப்படுவதும் இல்லை. மில்காரர் சொன்னது இதுதான்: கிழமையில் இரண்டு நாள் பஸ்ஸுக்கு உபயம். உபயகாரர் அன்றைக்கு ஏறுகிற எல்லோருக்கும் ரிக்கற் எடுக்க வேண்டும். மற்ற நாட்களில் அவரவர் தன் ரிக்கற்றை ஒழுங்காக எடுக்க வேண்டும்.

“எந்த ரெண்டு நாள்?” என்று யாரோ கேட்டார்கள்.

“இதென்ன கேள்வி? செவ்வாயும் வெள்ளியும். விசேஷ நாள். முருகனுக்கு ஒண்டு, அம்மனுக்கு ஒண்டு” என்றார் மில்காரர்.

உடனே மண்டபம் சந்தையாகிவிட்டது. முதல் வெள்ளி தனக்குத்தான் என்றார் மில்காரர். பக்கத்து வீட்டு அக்கா எழும்பி, “தேர்த் திருவிழாவும் உங்களுக்கு, வாய்க்கால் தண்ணியும் உங்களுக்கு, இப்ப பஸ்ஸும் உங்களுக்கோ? முதல் வெள்ளி என்ர!” என்று கத்தினா. அவவின் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. இரண்டு பேரும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கதைத்தார்கள். கடைசியில் திருவுளச்சீட்டுப் போட்டு அக்காவுக்கு விழுந்தது. பக்தி முற்றினால் இப்படித்தான் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

எங்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். இனாமாக ஏறி அவருக்குப் பழக்கமில்லை. நான் மில்காரரிடம் போய் ஒரு செவ்வாய் கேட்டேன். “ஒண்டும் இல்லைப் பிள்ளை, எல்லாம் எடுத்தாச்சு. அடுத்த வரியம் பாப்பம்” என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாண்ட் மாஸ்டர் விற்ற குடும்பம் என்று ஒதுக்குகிறார் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து குசினியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. அவர் மட்டும் கோபப்படவில்லை. “சரி, அடுத்த வரியம் செய்வம்” என்றார். அடுத்த வருடம் என்று அவர் வாயால் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்ததால் நானும் அடங்கிப்போனேன்.

முதல் வெள்ளி அக்கா பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மாவிலை கட்டினா. றைவருக்குச் சந்தனம் வைத்தா. ஏறினவர்களுக்கெல்லாம் கடலை கொடுத்தா. அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் போட்டி. மோதகம் வந்தது, சுண்டல் வந்தது, ஒருவர் தவில்காரரைக் கூட்டி வரப் பார்க்க, கொண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். அக்கா இன்னொன்றும் தொடக்கிவைத்தா. வெறுமையாய் இருந்த சீற்றுகளுக்கும் சேர்த்து ரிக்கற் எடுத்தா. திருவிழாச் சோறு வந்தவர்களுக்கு மட்டும் அளந்தா சமைப்போம் என்பது அவவின் நியாயம். பிறகு வந்த உபயகாரர்களுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. ரோசம் யாரை விட்டது?

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி வழியில் ரிக்கற் பரிசோதகர் ஏறினார். மெசினைப் பார்த்தார். ஆட்களை எண்ணினார். திரும்பவும் மெசினைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “ரிக்கற் குறைஞ்ச பஸ் எத்தினையோ பிடிச்சிருக்கிறன். ஆள் குறைஞ்ச பஸ்ஸை இண்டைக்குத்தான் பிடிக்கிறன். மிச்ச ஆக்கள் எங்கை இறங்கினவை?” என்று கேட்டார்.

“அவை ஏறவே இல்லை ஐயா” என்றா அக்கா.

“ஏறாத ஆக்களுக்கு ஏன் ரிக்கற்?”

“அவை ஏறாட்டிலும் பஸ் ஓடுதெல்லோ? டீசல் குடிக்குதெல்லோ? அதுக்கு ஆரோ குடுக்கத்தானே வேணும்?”

பரிசோதகர் சட்டத்தில் இதற்கு என்ன தண்டனை என்று தேடியிருப்பார். கிடைக்கவில்லைப் போல. நீட்டின மோதகத்தை வாங்கிக்கொண்டு அந்த வெறும் சீற்றுகளில் ஒன்றில் இருந்தார். அவருடைய இடத்துக்கும் ஏற்கெனவே ரிக்கற் எடுத்தாகிவிட்டது என்று கொண்டக்டர் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நான் மோதகத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மூன்று மாதம் முடிந்தது. வரவு இப்படியே இருந்தால் பஸ் ஓடட்டும் என்று டிப்போ சொல்லிவிட்டது. வாத்தியாரின் கடிதத்துக்கு இன்னும் மறுமொழி இல்லை. அவர் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார், அவருக்கும் என் நன்றி. உபயமும் நிற்கவில்லை. நான் தலை குனிந்து ஏறி, தலை குனிந்து இறங்கி, இந்த ஊரின் காசில் என் புருசனைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். என்றாலும் எனக்கு அது பெரிதாய் உறுத்தவில்லை. ஊரே ஏறுகிற பஸ், ஊரே தின்கிற மோதகம். அதில் எங்கள் பங்கும் ஒன்று என்று நினைத்தேன்.

போன மாரி முடிகிற நேரம் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூடிப்போனதால் எங்கள் முறையை மாற்றிவிட்டார்கள். இனிச் செவ்வாயும் வெள்ளியும் இல்லை, புதனும் சனியும் என்று தாதி சொன்னா. உபயம் இல்லாத நாட்கள். அப்படியானால் இரண்டு பேருக்கும் ரிக்கற் நாங்கள்தான் எடுக்க வேண்டும். ஓட்டோ அளவுக்கு இல்லாவிட்டாலும் கிழமைக்குக் கிழமை அது எங்களுக்குப் பாரம். வீட்டுக் கோழி முட்டைகளை விற்றுச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் முறையிடவில்லை. அக்காவிடம் மட்டும் வேலிக்கு மேலால், “இனிச் செவ்வாயும் வெள்ளியும் எங்களைப் பாத்துக்கொண்டு நிக்காதையுங்கோ அக்கா, நாங்கள் புதனும் சனியும்தான் போறம்” என்று சொன்னேன். “ஓம்” என்றா, வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை காசை முந்தானையில் முடிந்துகொண்டு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். இருட்டு விலகாத நேரம். பஸ் வந்து நின்றது. முன்கண்ணாடியில் மாவிலை. ஆள் ஏறும் வாசலில் பட்டு வேட்டியும் சால்வையுமாக மில்காரர் நின்றார். கையில் கடலைச் சட்டி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இண்டைக்குப் புதனெல்லோ?” என்று கேட்டேன்.

“ஓம், புதன்தான்.”

“செவ்வாயும் வெள்ளியுமெல்லோ விசேஷ நாள்? மண்டபத்தில அந்தச் சண்டை பிடிச்சனியளே?”

அவர் கடலைச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, “சாமிக்கு என்ன பிள்ளை, எல்லா நாளும் நல்ல நாள்தான். இனிப் புதனும் சனியும்தான் உபயம் எண்டு முடிவெடுத்தாச்சு. ஏறுங்கோ, பஸ் நிக்குது” என்றார்.

பின்னால் பால் கானோடு நின்ற அக்கா என்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்தா. கொண்டக்டர் மெசினைத் தட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் திடீரென்று கடலை தின்பதில் மும்முரமானார்கள். அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. முருகனும் இல்லை, அம்மனும் இல்லை. முதல் நாளில் இருந்தே அது எங்கள் நாள். கொடுத்தால் வாங்க மாட்டான், திருப்பித் தந்துவிடுவான் என்று தெரிந்த மனிதனுக்குக் கொடுக்க, ஒரு ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு பஸ்ஸுக்கே திருவிழா நடத்தியிருக்கிறது.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இவருக்கும் இப்போது விளங்கியிருக்கும். ரோசத்தில் படியில் இருந்து இறங்கிவிடுவாரோ, ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பேசாமல் ஏறினார். கடலையை இரண்டு கையாலும் வாங்கினார். சீற்றில் இருந்தார். பஸ் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுமட்டும் நான் மூச்சு விடவில்லை.

“இஞ்சேருங்கோப்பா” என்று மெதுவாகத் தொடங்கினேன். “இது எங்களுக்காகத்தான்...”

“எனக்கு முதல் கிழமையே தெரியும்” என்றார்.

“தெரிஞ்சோ இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீங்கள்?”

அவர் கையில் இருந்த கடலையைப் பார்த்தார். வழமையாக என் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல மாட்டார், அன்றைக்குப் பார்த்தார்.

“தெரியும் எண்டு காட்டினால் நான் வேண்டாம் எண்டெல்லோ சொல்லவேணும். எனக்குச் சொல்ல விருப்பமில்லை. எனக்கு உயிரோட இருக்க ஆசையாக் கிடக்கப்பா.”

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் எதற்கும் ஆசைப்படுவதாகச் சொன்னதில்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ரவுணைப் பார்த்து ஓடியது.